பூச்சியம் என்று எப்போது சொல்லலாம்?

மீக்கடத்திகளின் மின்தடை பற்றி நோட்டன் பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



மின்தடையைப் பற்றிப் பேச நோட்டன் பிரிட்ஜைவிடப் பொருத்தமான ஊர்கள் இலங்கையில் அதிகம் இல்லை. காசல்ரீயில் தேங்கும் தண்ணீர் மலைக்குள் இறங்கி வந்து, இங்கே விமலசுரேந்திர மின் நிலையத்தின் இரண்டு சுழலிகளைச் சுற்றுகிறது. ஒவ்வொன்றும் 25 மெகாவாட். 1965 முதல் இது நடக்கிறது. அதே தண்ணீர் நோட்டனில் மறுபடி தேங்கி, கீழே பழைய லக்ஷபான நிலையத்துக்குப் போய் இன்னொரு முறை உழைக்கிறது. அந்த நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தார். கணக்குக்கும் கட்டடத்துக்கும் இடையே 32 ஆண்டுகள் போயின. இங்கிருந்து கொழும்புக்குப் போன கம்பிகள் எத்தனையோ தோட்டத் தொழிலாளர் லயங்களின் தலைக்கு மேலே போயின. கீழே அந்த வீடுகளில் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தார்கள். அவர்களுக்கு மின்சாரம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. இதைச் சொல்லாமல் இந்த ஊரில் மின்சாரத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இனி நம் கணக்குக்கு வருவோம். 50 மெகாவாட்டை 132,000 வோல்ட்டில் மூன்று கம்பிகளில் அனுப்பினால் ஒவ்வொரு கம்பியிலும் ஏறத்தாழ 220 அம்பியர் ஓடும். இத்தகைய வழிகளில் கட்டும் அலுமினியக் கம்பியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 0.16 ஓம். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கி, மூன்று கம்பிக்கும் சேர்த்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 23 கிலோவாட் சூடாகிக் காற்றில் கலக்கிறது. தூரம் 70 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.6 மெகாவாட். மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் இழப்பு நான்கு மடங்காகும். கோபுரங்களை இவ்வளவு உயரமாக எழுப்பி இவ்வளவு பெரிய மின்னழுத்தத்தில் அனுப்புவதன் காரணம் இந்த வர்க்கம்தான்.

இந்த இழப்பு அறவே இல்லாத பொருள்கள் உண்டு என்று உங்கள் பாடநூல் சொல்கிறது. மீக்கடத்திகள். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அவற்றின் தடை பூச்சியம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நூல் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் கூர்மையான மாணவன் ஒருவன் அந்த வரியில் நின்றுவிடுவான். பூச்சியம் என்றால் உண்மையாகவே பூச்சியமா? அல்லது நம் கருவிக்கு எட்டாத அளவுக்குச் சிறியதா? பரீட்சையில் வராத கேள்வி என்று அவனை உட்காரச் சொல்லக் கூடாது. பௌதிகவியலின் நடுவே இருக்கிற கேள்வி அது. இன்று என் பேச்சு முழுவதும் அவனுக்கானது.

நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹெய்கே காமர்லிங் ஓன்னஸ் 1908 ஜூலை 10 அன்று முதன்முதலாக ஹீலியம் வாயுவைத் திரவமாக்கினார். உலகில் வேறு எவரிடமும் இல்லாத குளிர் அவர் ஆய்வுகூடத்தில் இருந்தது. அத்தனை குளிரில் உலோகத்தின் தடை என்ன ஆகும் என்பதில் அன்றைக்கு ஒருமித்த கருத்து இல்லை. மெல்ல மெல்லக் குறையும் என்றார்கள் சிலர். இலத்திரன்கள் உறைந்துபோய்த் தடை எல்லையின்றி ஏறிவிடும் என்று கெல்வின் பிரபு நினைத்தார். ஓன்னஸ் பாதரசத்தைத் தெரிந்தெடுத்தார். அதை மறுபடி மறுபடி வடித்து மிகத் தூய்மையாக்க முடியும் என்பதே காரணம். 1911 ஏப்ரல் 8 அன்று, 4.2 கெல்வினுக்கு அருகே பாதரசத்தின் தடை திடீரென விழுந்தது. படிப்படியாக அல்ல, ஒரே வீழ்ச்சி. கருவி காட்டக்கூடிய எல்லையான ஓமின் ஒரு இலட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே அது போய்விட்டது. ஓன்னஸ் தன் குறிப்பேட்டில் அதை ஏறத்தாழப் பூச்சியம் என்ற பொருளில்தான் பதிந்தார். அந்த அடக்கம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன் கண்ணுக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் அவர் எழுதவில்லை. ஆனால் அன்று அந்த அளவீடுகளை எடுத்த கில்லஸ் ஹோல்ஸ்ட்டின் பெயர் வெளியான கட்டுரையின் தலைப்பில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓன்னஸின் கருவி குறைபாடுடையது என்பதல்ல இங்கே பிரச்சினை. எந்தக் கருவியும் பூச்சியத்தைக் காட்டாது. மிக நுண்ணிய ஒரு வோல்ட்மானியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு வோல்ட்டின் நூறு கோடியில் ஒரு பங்கைக்கூடக் காணும் என்று வைப்போம். கம்பியில் 1 அம்பியரைச் செலுத்துகிறீர்கள், முள் அசையவில்லை. அப்போது நீங்கள் சொல்லக்கூடியது, தடை ஓமின் நூறு கோடியில் ஒரு பங்குக்குக் குறைவு என்பது மட்டுமே. அளவீடு மேலெல்லையைத் தரும். பூச்சியத்தை ஒருபோதும் தராது.

ஆகவே ஆய்வாளர்கள் வோல்ட்மானியை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு வழியில் போனார்கள். மீக்கடத்திக் கம்பியை வளையமாக்கி, அதில் ஓட்டத்தைத் தூண்டி, மின்கலத்தை அப்புறப்படுத்திவிட்டுக் காத்திருப்பது. தடை என்று ஏதாவது இருந்தால் ஓட்டம் நாளடைவில் மெலியும். அது உண்டாக்கும் காந்தப்புலமும் மெலியும். வளையத்தின் தூண்டுதிறனைத் தடையால் வகுத்தால் மெலியும் காலம் கிடைக்கும். செம்பு வளையத்தில் இது ஒரு நொடியின் சிறு பகுதி. 1914இல் ஓன்னஸ் ஈயச் சுருளில் இதைச் செய்து பார்த்தார். பக்கத்தில் வைத்த திசைகாட்டியின் ஊசி விலகியபடியே நின்றது. 1932இல் அவருடைய முன்னாள் தொழில்நுட்ப உதவியாளர் ஃபிளிம், 200 அம்பியர் ஓடிக்கொண்டிருந்த ஈய வளையத்தைத் திரவ ஹீலியக் குடுவையோடு விமானத்தில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டு போனார். அங்கே ராயல் இன்ஸ்டிடியூஷனில் சபையோர் பார்க்க அது ஓடிக்கொண்டிருந்தது. எந்த மின்கலத்தோடும் இணைப்பில்லாத ஓட்டம் கடலைத் தாண்டிப் போயிருக்கிறது என்பதை மாணவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் காலின்ஸ் ஓர் ஈய வளையத்தை இரண்டரை ஆண்டுகள் அளவுக்குக் குளிரிலேயே வைத்துப் பார்த்தார். ஓட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. 1963இல் ஃபைல், மில்ஸ் என்ற இருவர் காந்தப்புலத்தை அளப்பதற்கு அணுக்கருக் காந்த ஒத்ததிர்வைப் பயன்படுத்தினார்கள். அவ்வளவு நுண்மையாக அளக்கும்போது ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் கண்ட முடிவு, அந்த ஓட்டம் மெலிய ஆகும் காலம் 1 இலட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது என்பது. அதற்கு முந்தைய ஆண்டு குவின், இட்னர் என்பவர்கள் மெல்லிய ஈயப் படலத்தில் அளந்து சொன்ன மேலெல்லையை அறை வெப்பநிலைச் செம்போடு ஒப்பிட்டால், செம்பின் தடைத்திறன் 1-க்குப் பின் 16 பூச்சியங்கள் போட்ட எண்ணையும் தாண்டிய மடங்கு பெரியது.

இவ்வளவுக்குப் பிறகும் நம் மாணவன் அசைய மாட்டான். அசையவும் கூடாது. இதுவும் மேலெல்லைதானே சேர் என்பான். சரியான பேச்சு. பரிசோதனை எத்தனை கூர்மையானாலும் அவன் கேள்வியைத் தீர்க்காது. தீர்ப்பது, தடை ஏன் மறைகிறது என்ற விளக்கம்.

செம்பில் இலத்திரன்கள் தனித்தனியாக ஓடுகின்றன. அதிரும் அணுக்களிலும் அந்நியத் துகள்களிலும் மோதி ஒவ்வொன்றும் தன் உந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. எவ்வளவு சிறிய இழப்பும் அங்கே சாத்தியம். தடை என்பது இப்படிச் சிறுகச் சிறுக நடக்கும் இழப்பின் கூட்டுத்தொகை. மீக்கடத்தியில் நிலைமை வேறு. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரும் 1957இல் காட்டியபடி அங்கே இலத்திரன்கள் சோடி சேர்கின்றன. எல்லாச் சோடிகளும் ஒரே அலையில் பங்கு கொள்கின்றன. வளையத்தைச் சுற்றி வரும் அந்த அலை, புறப்பட்ட இடத்தில் தன்னோடு தானே பொருந்த வேண்டும். ஒரு தூணைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு இரு முனைகளையும் சேர்த்து முடிச்சிடுங்கள். கயிறு தூணை ஒரு தடவை சுற்றியிருக்கலாம், ஐந்து தடவை சுற்றியிருக்கலாம். இரண்டே கால் தடவை சுற்றியிருக்க முடியாது. ஐந்து சுற்றை நான்காக்கத் தளர்த்தினால் போதாது, எங்கேயாவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். வளையத்தின் ஓட்டமும் அப்படித்தான். அது கொஞ்சம் மெலிய முடியாது. ஒரு முழுச் சுற்றை இழக்கலாம், அல்லது இழக்காமல் இருக்கலாம், நடுவில் ஒன்றுமில்லை.

1961இல் அமெரிக்காவில் டீவர், ஃபேர்பாங்க் இருவரும், ஜெர்மனியில் டோல், நேபவர் இருவரும் தனித்தனியே இதைப் பரிசோதனையில் கண்டார்கள். வளையத்துக்குள் சிறைப்படும் காந்தப் பாயம் ஒரு குறித்த அலகின் முழு மடங்காகவே இருந்தது. அந்த அலகு மிகச் சிறியது. 1 மைக்ரோஹென்றி தூண்டுதிறன் உள்ள வளையத்தில் 100 அம்பியர் ஓடினால் அதில் ஏறத்தாழ 5,000 கோடி அலகுகள் இருக்கும். அப்படியென்றால் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தால் நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. ஓர் அலகு உதிர வேண்டுமானால் கம்பியின் ஒரு குறுக்குவெட்டு முழுவதிலும் மீக்கடத்து நிலை கணநேரம் குலைய வேண்டும், அல்லது காந்தப் பாயத்தை ஏந்திய சுழி, அதாவது காந்தச் சுழி ஒன்று கம்பியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்கே கடந்து போக வேண்டும். இரண்டுக்கும் ஆற்றல் வேண்டும். 4 கெல்வினில் வெப்ப அசைவு தரும் ஆற்றல் அதன் முன் எவ்வளவு அற்பம் என்றால், ஒரு மில்லிமீட்டர் தடித்த கம்பியில் அது நடப்பதற்கான வாய்ப்பை எண்ணால் எழுதினால், புள்ளிக்குப் பின் போட வேண்டிய பூச்சியங்களின் தொகையே கோடிக்கணக்கில் போகும். பிரபஞ்சத்தின் வயதை நொடிகளில் எழுத 18 இலக்கங்கள் போதும். இன்னொன்றும் உண்டு. தடித்த மீக்கடத்தியில் ஓட்டத்தைக் குறைக்கக் குறைக்க அந்த ஆற்றல் தடுப்பு உயர்ந்துகொண்டே போகிறது. ஆகையால் ஓட்டம் சிறிதாகும் எல்லையில் தடை மிகச் சிறியது என்று சொல்லித் தப்ப வேண்டியதில்லை. பூச்சியம் என்றே சொல்லலாம். அந்தச் சொல்லுக்கு உரிமை கருவியிலிருந்து வரவில்லை, விளக்கத்திலிருந்து வந்தது.

இது என் முடிவின் முதற்பாதி. அதே விளக்கத்தை நேர்மையாகப் பின்தொடர்ந்தால், பூச்சியம் எங்கெல்லாம் செல்லாது என்பதும் அதற்குள்ளிருந்தே வெளிவருகிறது.

கம்பியை மெலிதாக்கினால் குறுக்குவெட்டு சுருங்கும். ஆற்றல் தடுப்பும் சுருங்கும். 1967இல் லாங்கர், வினய் அம்பேகாவ்கர் இருவரும் இந்தக் கணக்கைப் போட்டார்கள். அம்பேகாவ்கர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அவர்கள் சொன்னபடியே, 1970களின் தொடக்கத்தில் வெள்ளீய நுண்ணிழைகளில், மாறு வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே, சிறியதாயினும் அளக்கக்கூடிய தடை காணப்பட்டது. அந்த இழை மீக்கடத்திதான். அதன் தடை பூச்சியமல்ல.

காந்தப்புலம் இன்னொரு தொல்லை. இன்று தொழிலில் பயன்படும் மீக்கடத்திகளில் பெரும்பாலானவை வலிய புலத்தில் காந்தச் சுழிகளை உள்ளே விடுபவை. ஓட்டம் அந்தச் சுழிகளைத் தள்ளும். அவை நகர்ந்தால் மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் தோன்றினால் தடை வந்துவிட்டது என்று பொருள். மிகத் தூய, குறையற்ற படிகம் இங்கே உதவாது. சுழிகளைப் பிடித்து நிறுத்தக் குறைகள் வேண்டும். ஆகவே கம்பி செய்பவர்கள் வேண்டுமென்றே நுண்ணிய குறைகளை உள்ளே விதைக்கிறார்கள். அப்படியும் 77 கெல்வினில் திரவ நைதரசனில் வேலை செய்யும் செப்பு ஒக்சைட்டு வகைகளில் வெப்பம் சுழிகளை மெல்ல நகர்த்துகிறது. 1986இல் பெட்நோர்ஸும் முல்லரும் அந்த வகையைக் கண்டபோது எழுந்த பெரிய எதிர்பார்ப்புகள் பல இன்றும் நிறைவேறாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மூன்றாவதாக, கம்பிகளின் மூட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கண்டியிலோ கொழும்பிலோ எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் இங்கே இருக்கலாம். அத்தகைய இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் காந்தம் நயோபியம்-டைட்டேனியம் கம்பிச் சுருள். திரவ ஹீலியக் குளிரில் இருப்பது. ஒரு தடவை ஓட்டத்தை ஏற்றி வளையத்தை மூடிவிட்டால் மின்வழங்கியைக் கழற்றிவிடலாம். ஆனால் சுருளை ஒரே துண்டுக் கம்பியால் சுற்ற முடியாது. துண்டுகளை இணைத்தாக வேண்டும். கம்பியில் பூச்சியம், மூட்டில் பூச்சியமல்ல. புலம் ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது என்பது இந்தக் காந்தங்களுக்குப் பொதுவாக வைக்கும் வரம்பு. அந்த வேகத்தில் போனால் மெலிய 1,100 ஆண்டுகளுக்கு மேலாகும். நோயாளிக்கு அது போதும். அங்கே பூச்சியத்துக்கு மிக அருகே நிற்பதே பொறியியலாளரின் வெற்றி.

ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் 2008 செப்டம்பர் 19 அன்று நடந்தது வேறு கதை. 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையச் சுரங்கத்தில் மீக்கடத்திக் காந்தங்கள் 1.9 கெல்வினில் வரிசையாக நிற்கின்றன. முதற் துகள் கற்றை சுற்றி வந்து 9 நாட்கள்தான் ஆகியிருந்தன. இரண்டு காந்தங்களை இணைத்த ஒரு மூட்டில் சுமார் 200 நனோ ஓம் தடை இருந்தது. ஓமின் 50 இலட்சத்தில் ஒரு பங்கு. ஓட்டம் 8,700 அம்பியரை எட்டியபோது அந்த மூட்டில் எழுந்த வெப்பம் பத்துப் பதினைந்து வாட் மட்டுமே. ஆனால் 1.9 கெல்வினில் அதுவே கொலைக் கருவி. மூட்டு சூடேறி மீக்கடத்து நிலை குலைந்தது, மின்வில் எரிந்தது, ஹீலியக் கலம் துளைபட்டது, ஏறக்குறைய 6 தொன் ஹீலியம் வெளியேறியது, 53 காந்தங்களைக் கழற்றி எடுக்க வேண்டி வந்தது. இயந்திரம் மறுபடி ஓட 2009 நவம்பர் ஆயிற்று. கம்பியின் தடை பூச்சியமா என்று யாரும் அங்கே ஐயுறவில்லை. ஐயம் இருந்திருக்க வேண்டிய இடம் மூட்டு.

நான்காவது, ஆடலோட்டம். இதுவரை நான் பூச்சியம் என்று சொன்னதெல்லாம் நேரோட்டத்துக்கு. நம் கம்பிகளில் ஓடுவதோ நொடிக்கு 50 தடவை திரும்பும் ஓட்டம். சோடிகளுக்கும் திணிவு உண்டு. அவற்றை முன்னும் பின்னும் முடுக்க மின்புலம் வேண்டும். அந்த மின்புலம் சோடி சேராமல் எஞ்சியிருக்கும் இலத்திரன்களையும் தள்ளுகிறது. அவை செம்பில் போலவே வெப்பத்தை உண்டாக்குகின்றன. 50 ஹேர்ட்ஸில் இது மிக அற்பம்; பெரிய இழப்பு, ஒவ்வொரு சுழற்சியிலும் காந்தச் சுழிகள் உள்ளே போய் வெளியே வருவதால் உண்டாவது. அதற்கு மேல், வெளி வெப்பம் மீட்டருக்கு ஒன்றிரண்டு வாட் உள்ளே கசியும். இரண்டையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 2 கிலோவாட் என்று குறைத்தே வைப்போம். 77 கெல்வினில் 1 வாட் வெப்பத்தை இறைத்து வெளியேற்ற 10 முதல் 20 வாட் வரை செலவாகும். ஆக, கிலோமீட்டருக்கு 20 முதல் 40 கிலோவாட். அதுவும் நடுச்சாமத்தில் ஊர் உறங்கும்போதும் அதே செலவு. அலுமினியக் கம்பி முழுச் சுமையில் தின்னும் 23 கிலோவாட்டோடு வைத்துப் பாருங்கள்! 50 மெகாவாட்டுக்கு மலையிலிருந்து கொழும்பு வரை மீக்கடத்தி வடம் இழுப்பது இன்றைய நிலையில் இலாபமில்லை. இடம் நெருக்கடியான பெரிய நகரத்துக்குள் நிலத்தடியில், தடித்த வடங்கள் பலவற்றுக்குப் பதிலாக ஒன்றைப் போடும்போதுதான் அது பொருள்படுகிறது. ஜெர்மனியின் எசன் நகரில் 2014இல் 1 கிலோமீட்டர் நீள வடம் ஒன்றை 10,000 வோல்ட், 40 மெகாவாட்டுக்கு அப்படித்தான் போட்டார்கள்.

இப்போது, இலங்கையர் எவரும் ஒதுக்கிவிட முடியாத ஒரு விடயத்துக்கு வருகிறேன். ரங்கா டயஸ் இலங்கையில் பிறந்தவர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்கா சென்று, ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வுக் குழுவை அமைத்தவர். 2020 ஒக்டோபரில் 'நேச்சர்' சஞ்சிகையில் அவர் குழுவின் கட்டுரை வந்தது. காபன், கந்தகம், ஐதரசன் சேர்ந்த ஒரு பொருள், வைரங்களுக்கிடையே வளிமண்டல அழுத்தத்தைப் போல 26 இலட்சம் மடங்கு அழுத்தத்தில், 15 பாகை செல்சியஸில் மீக்கடத்தியாகிறது என்றது. நுவரெலியாவின் ஒரு சாதாரண நாளின் வெப்பநிலை அது. 2023 மார்ச்சில் இரண்டாவது கட்டுரை. லுத்தீசியம், ஐதரசன், நைதரசன் சேர்ந்த பொருள், 21 பாகையில், அழுத்தம் 10,000 மடங்கு மட்டுமே. உண்மையாக இருந்திருந்தால் உலகத்தின் மின் அமைப்பையே மாற்றியிருக்கக்கூடிய செய்தி. நம் நாட்டவர் ஒருவரின் பெயர் அதன் தலையில் இருந்தபோது இங்கே பலர் பெருமைப்பட்டார்கள். அது இயல்பு, அதில் பிழையில்லை.

முதற் கட்டுரையை 'நேச்சர்' 2022 செப்டம்பரில் மீளப்பெற்றது. காந்த அளவீட்டில் பின்னணிச் சமிக்ஞையைக் கழித்த முறை வழக்கமானதல்ல, அதைக் கட்டுரை தெளிவாகச் சொல்லவும் இல்லை என்பது காரணம். இரண்டாவதை 2023 நவம்பரில் மீளப்பெற்றது. கட்டுரையில் பெயருள்ள 11 பேரில் 8 பேரே அதைக் கேட்டார்கள். அங்கே எழுந்த கேள்விகளில் முக்கியமானது மின்தடைத் தரவுகள் நம்பத்தக்கவையா என்பது. பல்கலைக்கழகம் நியமித்த விசாரணைக் குழு ஆய்வு முறைகேடு நடந்தது என்று முடிவு செய்த செய்தி 2024இல் வெளியானது. டயஸ் முறைகேட்டை மறுத்திருக்கிறார். அவர் இப்போது அந்தப் பல்கலைக்கழகத்தில் இல்லை.

பின்னணியைக் கழிப்பது என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க வேண்டும். வைரங்களுக்கிடையே இருக்கும் மாதிரி தலைமயிரின் தடிப்பளவே. அதைச் சுற்றியுள்ள உலோகமும் கம்பிகளும் தரும் சமிக்ஞை மாதிரியின் சமிக்ஞையைவிடப் பெரிதாக இருக்கும். மாதிரி இல்லாமல் அவற்றை மட்டும் தனியே அளந்து, அந்த அளவைக் கழிப்பது நேர்மையான வேலை. உலகெங்கும் செய்கிறார்கள். ஆனால் கழிக்கும் எண்ணை ஆய்வாளரே தெரிவு செய்யத் தொடங்கினால், விடை அவர் விரும்பியபடி வந்துவிடும். எந்த எண்ணிலிருந்தும் அதே எண்ணைக் கழித்தால் பூச்சியம் வரும். அந்தப் பூச்சியத்தைப் பொருள் தரவில்லை. ஆகவே ஒரு பூச்சியத்தைக் காட்டும்போது, கழிப்பதற்கு முன் இருந்த எண்களையும் காட்டு என்று கேட்பது பொறாமையுமல்ல, தேசத்துரோகமுமல்ல. நம்மவர் என்பதற்காகவே நாம் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. தடை விழுந்தது என்பது மட்டும் மீக்கடத்திக்குச் சான்றல்ல. 2023 ஜூலையில் கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருள் மீக்கடத்தி என்று செய்தி வந்தது. அதன் தடை 104 பாகை செல்சியஸ் அளவில் சடுதியாகக் குறைந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த செப்புச் சல்பைட்டின் கட்டமைப்பு மாற்றம் என்று விரைவிலேயே தெரிந்தது. டில்லியின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் அதே பொருளைச் செய்து பார்த்தவர்கள் மீக்கடத்தலைக் காணவில்லை. மெய்ஸ்னரும் ஓக்சென்ஃபெல்டும் 1933இல் கண்டது இங்கேதான் உதவுகிறது. தடையே இல்லாத ஒரு கடத்தியைக் கற்பனை செய்யுங்கள். காந்தப்புலத்தில் வைத்து அதைக் குளிர்வித்தால் புலம் உள்ளேயே அகப்பட்டுக் கிடக்கும். மீக்கடத்தியோ, குளிர்ந்ததும் உள்ளிருந்த புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது. அது பொருளின் வேறொரு நிலை என்பதற்கு அதுவே அடையாளம். பூச்சியத் தடை அந்த நிலையின் விளைவுகளில் ஒன்று.

மீக்கடத்தலுக்கான சான்றை எவ்வளவு பொறுப்போடு கையாளலாம் என்பதற்கு மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சொல்வேன். ஓம் பிரகாஷ், அனில் குமார், அ. தமிழவேல், எஸ். ராமகிருஷ்ணன் ஆகிய நால்வர் பிஸ்மத் உலோகத்தை எடுத்துக்கொண்டார்கள். பிஸ்மத்தில் சுமார் 1 இலட்சம் அணுக்களுக்கு ஒரு கடத்தும் இலத்திரன்தான் உண்டு. அது சாதாரண அழுத்தத்தில் மீக்கடத்தியாவதானால் மிக மிகத் தாழ்ந்த வெப்பநிலையில்தான் ஆகும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். மிகத் தூய படிகத்தை வளர்த்து, ஒரு கெல்வினின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே குளிர்வித்தார்கள். 0.53 மில்லிகெல்வினில் மாற்றம் வந்தது. அதை அழிக்கப் போதுமான காந்தப்புலம் வெறும் 5.2 மைக்ரோடெஸ்லா, நாம் இப்போது இருக்கும் இந்த மண்டபத்தில் பூமியின் புலமே சுமார் 40. பூமியின் புலத்தை மறைத்துத் திரையிடாமல் அந்த மாற்றத்தைக் காணவே முடியாது. அவர்கள் முன்வைத்த சான்று மின்தடை அல்ல, காந்தம். படிகம் புலத்தை வெளியே தள்ளுவதை இரண்டு விதக் காந்த அளவீடுகளால் காட்டினார்கள். 'சயன்ஸ்' சஞ்சிகை 2016 டிசம்பரில் அதை வெளியிட்டது. பார்டீன் முதலான மூவரின் வழக்கமான கணக்கு இவ்வளவு குறைந்த இலத்திரன்கள் உள்ள உலோகத்துக்குப் பொருந்தாது என்பதையும் அவர்களே எழுதினார்கள். பிஸ்மத்தில் சோடிகள் எதனால் சேர்கின்றன என்ற கேள்வி அந்தக் கட்டுரையோடு திறந்தது. உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்திருக்கும் உங்களில் யாருக்காவது அதில் வேலை இருக்கிறது.